துண்டின் மேல் இருந்த குடை

திண்டிவனம் விற்பனைக் கூடத்தில் தரம் பார்க்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, அதே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவள் என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. கல்யாணமான பெண்ணுக்கு இந்த வேலை கிடையாது என்று கூடங்களை நடத்தும் கமிட்டியில் ஒரு விதி இருக்கிறது. போன தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. விடைபெற்ற நாளில் மாலை போட்டு, "நெடுங்காலம் உழைத்துக் களைத்த அம்மையார்" என்று ஒருவர் பேசினார். களைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மாலை பெரியது, வாயை மறைத்துவிட்டது.

குத்தூசியால் மூட்டையில் மாதிரி எடுப்பது, காயை உடைத்துப் பருப்பை நிறுப்பது, ஈரம் பார்ப்பது எல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நானும் திண்டிவனத்தில் அதைத்தான் படித்தேன். படித்ததை விட்டுவிடுகிறேன். விழுப்புரம் கூடத்தில் யுத்த காலத்தில் ஒரு ஆடி மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவசரமான நேரத்தில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் பிடிபட்டது.

அப்போது திண்டிவனத்திலிருந்து தினமும் காலை ரயிலில் விழுப்புரம் போவேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை மூட்டையாக வரும் முற்றம், அதை ஒட்டி ஒரு கிடங்கு, கிடங்குக்குப் பக்கத்தில் என் சோதனை அறை. கூடத்தில் வேலை பார்த்த பெண் நான் ஒருத்திதான். எனக்கு மேலே காரியதரிசி. பட்டணத்திலிருந்து வந்தவர், நேர்மையானவர், அச்சில் இருப்பது போலவே பேசுவார். அவர் "வணக்கம்" என்று சொன்னால்கூட அதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி கேட்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் குழப்பியது மல்லாட்டை இல்லை, சொற்கள். ஒரே மூட்டையைப் பார்த்து ஒருவர் நல்ல விலை என்பார், ஒருவர் நல்ல மதிப்பு என்பார், ஒருவர் அருமையான சரக்கு என்பார். மூவரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தால் மூவரும் சண்டை போட்டுக்கொள்வார்கள். குழப்பம் வந்தால் பட்டியல் போடுவது என் பழக்கம். இதற்கும் போட்டேன். தரம் என்பது யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் தராசில் தெரிவது. விலை, கொடுப்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொள்வது. மதிப்பு, வாங்காமல் வேடிக்கை பார்ப்பவரும் ஒப்புக்கொள்வது. கிராக்கி, கிடைக்காததால் கேட்பது. மவுசு, ஏன் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்பது. அருமை என்றால் கொடுக்க மனம் வராதது. கடைசியாக மெச்சுதல் என்று எழுதி, அதற்கு நேரே 'பார்த்தவர் வாய்விட்டுச் சொல்வது' என்று எழுதினேன்.

என் உபயோகத்துக்காக மேசைக்கு மேலே ஒட்டியிருந்த அதைக் காரியதரிசி பார்த்துவிட்டார். நின்று படித்தார். இன்னொரு முறை படித்தார். மறுநாள் அதைப் பெரிய எழுத்தில் எழுதச் செய்து முற்றத்துச் சுவரில் ஒட்டி, கூடத்துக்குள் இந்தச் சொற்களை இந்தப் பொருளில் மட்டுமே வழங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கடைசி வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

"மெச்சுதல் ஏன் வேண்டாம் என்கிறீங்க, ஐயா?" என்று கேட்டேன்.

"நாம் சர்க்கார் தராசு. தராசு மெச்சுமா? நாம் மெச்சினால் வியாபாரி ஏற்றிக் கேட்பான், மெச்சாவிட்டால் இறக்கிக் கேட்பான். தரம் பார்ப்பவர் சரக்கை மெச்சக் கூடாது. மாதிரியை வாயில் போடவும் கூடாது."

இந்த இரண்டு விதிகளும் உங்கள் அறையிலும் ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

முற்றம் சில நாட்கள் படாத பாடு பட்டது. காதர் பாய் என்று ஒரு வியாபாரி. நல்ல மனிதர், குரலும் பெரிது. என் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பார்.

"அம்மா, இந்த மூட்டைய அருமையான சரக்குன்னு சொல்லலாமா, கூடாதா?"

"கூடாது பாய். அருமைன்னா கொடுக்க மனசு வராதது. இது விற்க வந்த மூட்டை."

"மவுசுன்னு சொன்னா?"

"ஏன் கேட்கிறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. எண்ணெ ஆட்ட."

"அப்ப மவுசும் இல்லை."

"பெரிய பேஜாரா பூட்ச்சும்மா. இனிமே நான் ஊமை" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார்.

அந்தத் துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கமிட்டி வருவதற்கு முன்பிருந்தே விலை பேச்சு துண்டுக்கு அடியில்தான் நடந்தது. வியாபாரி தன் கை மேல் துண்டை விரிப்பார். விற்கிறவர் அதற்கடியில் கையை நீட்டுவார். விரலைப் பிடித்துப் பிடித்தே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. சம்மதம் என்றால் தலையை ஆட்ட வேண்டும், அதோடு பேரம் முடிந்தது. பிறகு சரக்கு மாறிவிட்டது என்று யாரும் தகராறு செய்யக் கூடாது என்பதற்காக, பேச்சு தொடங்கும் முன்பு சரக்கில் ஒரு பிடி எடுத்துத் துண்டின் மேலே வைப்பார்கள். மேலே என்ன இருக்கிறதோ அதற்குத்தான் கீழே விலை. காரியதரிசி இந்த வழக்கத்தை ஒழிக்க எத்தனையோ அறிவிப்புகள் ஒட்டினார். வியாபாரிகள் அந்த அறிவிப்புக்கு அடியிலேயே நின்று துண்டு விரித்தார்கள்.

இப்படி இருந்தபோதுதான் அஞ்சலை வந்தாள்.

கண்டமங்கலம் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊர் வண்டியில் இடம் கேட்டு, ஒரே ஒரு மூட்டை மல்லாட்டையுடன் வந்திருந்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவள். மூட்டையை என் அறை வாசலில் தானே இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன விலை எதிர்பார்க்கிறீங்க?" என்றேன். முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

"வெலைக்கு இல்லம்மா. பாத்து சொல்லுங்க, போதும்."

"என்ன சொல்லணும்?"

"எப்படி இருக்குதுன்னு."

"சொன்ன பிறகு?"

"தூக்கிக்கினு போயி வெதைப்பேன். வெதைக்கு வெச்சதும்மா இது. இத்த வுட்டா வேற இல்ல."

நான் அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை; மூட்டையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினாள். புருஷன் பாண்டிச்சேரி மில்லில். அவன் கூலியில் மிச்சம் பிடித்து ஊருக்கு வெளியே ஒரு மேட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். அவன் வாரக் கடைசியில்தான் வருவான். உழுததைத் தவிர மற்றதெல்லாம் இவள் வேலை.

"இத்தினி வருசமா அடுத்தவங்க கொல்லையிலதான் மல்லாட்டை புடுங்கனேன். இது எங்க கொல்லை. மொத தபா. அந்தக் கல்லாங்கொல்லையில இன்னாடி வெளயும்னு சிரிச்சாங்க. வெளஞ்சிதுன்னு நான் சொன்னாலும் சிரிக்கிறாங்க. சந்தையில பாத்து சொல்லிட்டாங்கன்னா வாய மூடிக்குவாங்க இல்ல?"

குத்தூசியைச் செருகி மாதிரி எடுத்தேன். சோதித்தேன். தராசு பிழையாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு முறை நிறுத்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது. நான் அதுவரை கையில் எடுத்த மாதிரிகளில் அப்படி ஒன்று இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது அஞ்சலை தராசைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே சுவரில் சிவப்பு மைக்கோடு தெரிந்தது.

"முதல் தரம்" என்றேன்.

"அப்படின்னா?"

"முதல் தரம்னா முதல் தரம்தான்."

"நல்லா இருக்குதா, இல்லியா?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"பாத்தவங்க நீங்கதானே? வேற யார போயி கேக்கறது?"

மாதிரியில் மிச்சமிருந்த காய்களை மூட்டைக்குள்ளேயே போட்டுக் கட்டிக்கொடுத்தேன். அவள் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வாசலில் காவல்காரர் அந்தோணி கையை நீட்டி மறித்தார்.

"மூட்டை வெளிய போவக் கூடாதும்மா. விக்காம எதுவும் வெளிய போவக் கூடாது. யுத்த உத்தரவு."

யுத்தம் நடந்த வருஷங்களில் பதுக்கலைத் தடுக்க அப்படி ஓர் உத்தரவு இருந்தது உண்மைதான். கூடத்துக்குள் வந்த சரக்கு கூடத்திலேயே விற்றாக வேண்டும். ஆனால் விற்காத ஒரு பொருளை விற்பனைக் கூடத்துக்கு ஒருத்தி கொண்டுவருவாள் என்று அந்த உத்தரவை எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. காரியதரிசியும் நினைத்துப் பார்க்க மறுத்தார்.

"விற்க வராத சரக்கு எதற்காக உள்ளே வந்தது?"

"பார்த்துச் சொல்லக் கேட்டு வந்தது, ஐயா."

"பார்த்தாயிற்று அல்லவா? இனி விற்கட்டும்."

"அது விதை. விற்றால் அவங்களுக்கு விதைக்க ஒன்றும் இல்லை."

"விற்றால் மூட்டை வெளியே போகும். விற்காவிட்டால் உள்ளே இருக்கும். இதில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை" என்றார். மூட்டையைக் கிடங்கில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அஞ்சலை அழவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று, "தராசாம் தராசு! பாக்கத் தெரியும், சொல்லத் தெரியாது, குடுக்கவும் தெரியாது. நல்லா கட்னீங்கப்பா கூடம்!" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு சந்தை நாள் தவறாமல் வந்தாள். கிடங்கு ஜன்னல் வழியாக மூட்டையைப் பார்ப்பாள். எலி கடித்திருக்கிறதா என்று கேட்பாள். ஊர் வண்டி திரும்பும்போது போய்விடுவாள். வியாபாரிகளும் ஜன்னல் வழியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். விற்க மாட்டேன் என்று ஒருத்தி சொல்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும். மூட்டைக்குள் இருப்பது சீமை விதை என்றார் ஒருவர். பட்டாளத்துக்குப் போக வேண்டிய மூட்டை என்றார் இன்னொருவர். முகையூரிலிருந்து மல்லாட்டை விற்க வந்தவர் ஒருவர், தன் மூட்டைகளை வெயிலில் போட்டுவிட்டு, அந்த மூட்டையைப் பார்ப்பதற்காக வரிசையில் நின்றார். மவுசுக்கு நான் எழுதிய பொருள் சரிதான் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் அந்தத் திருப்தியால் மூட்டை வெளியே வராது.

பிறகு மழை பெய்தது. மானாவாரி நிலத்தில் அந்த ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். ஊரெல்லாம் ஏர் கட்டிவிட்டது. மறுநாள் சந்தை இல்லாவிட்டாலும் அஞ்சலை நனைந்துகொண்டே வந்து நின்றாள்.

"யம்மா, மண்ணு தயாரா கீது. காஞ்சி போச்சின்னா இந்த வருசம் அவ்ளோதான். நெலத்துக்காரரு நெலத்தத் திருப்பிக் கேப்பாரு. வெதைக்காத கொல்லைய எவன் வுட்டு வெப்பான்?"

நான் காரியதரிசியிடம் போய்ச் சொன்னேன். "பருவத்துக்கு நம் விதிகளில் இடமில்லை" என்றார். சொல்லிவிட்டு அவரும் ஒரு கணம் மழையைப் பார்த்தார். கல்மனம் படைத்தவர் இல்லை. விதி இல்லாத இடத்தில் கால் வைத்தால் விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறவர், அவ்வளவுதான்.

மழை வந்ததும் விதை மல்லாட்டைக்குக் கிராக்கி ஏறிவிட்டது. காதர் பாய் வேறு ஐந்தாறு வியாபாரிகளோடு முற்றத்துக் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றார். அஞ்சலையைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"ஏம்மா, இப்படி நனைஞ்சிக்கினு எத்தினி நாளுதான் வருவே? நல்லதா ஒரு வெலை சொல்றேன், குடுத்துட்டுப் போ."

"பாயி, நான் விக்க வரல. எத்தினி தபா சொல்றது?"

"சரி, யாராவது ஆம்பளைய இட்டுக்கினு வா. பொம்பள கையப் புடிச்சி நான் வெலை பேச முடியாது. துண்டுக்கு அது அழகில்ல."

"எங்க வூட்டுக்காரு வந்தாலும் இதேதான் சொல்வாரு."

பேச்சுச் சத்தம் கேட்டுக் காரியதரிசி தன் அறையிலிருந்து வந்தார். முற்றத்தைக் கடந்து வர வேண்டும் என்பதால் குடை பிடித்து வந்தார். கருப்புக் குடை, வளைந்த பிரம்புக் கைப்பிடி. அவர் மாமனார் கல்யாணத்தில் கொடுத்தது. கூடத்தில் எல்லாருக்கும் அந்தக் குடையைத் தெரியும், ஏனென்றால் எல்லாரிடமும் அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பாய் கையில் துண்டு விரிந்திருப்பதைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"மறுபடியும் துண்டா? இதற்குக் கீழே அப்படி என்னதான் செய்கிறீர்கள்? அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு எழுதுகிறேன், ஒழிக்க முடியவில்லை. இன்று நானே பரிசோதித்துவிடுகிறேன்."

இடது கக்கத்தில் கோப்புகள் இருந்தன. வலது கையில் இருந்த குடையை மடக்கி, வைப்பதற்கு இடம் தேடினார். பாய் துண்டு விரித்த கையை நீட்டிக்கொண்டு நின்றார். குடையை அந்தக் கையின் மேல் குறுக்காக வைத்துவிட்டு, துண்டுக்கு அடியில் தன் கையை நுழைத்தார்.

பாய் பழக்க தோஷத்தில் விரல்களைப் பிடித்தார். இத்தனை வருஷப் பழக்கம். துண்டுக்கடியில் ஒரு கை வந்தால் அவர் கை தானாகப் பேசத் தொடங்கிவிடும். காரியதரிசிக்கு உள்ளங்கையில் கூச்சம் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். முதலில் தோளைக் குலுக்கினார். பிறகு ஹிஹி என்று ஒரு சிரிப்பு வந்தது. அந்த மனிதரிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் கேட்டதில்லை. சிரிப்பை அடக்கப் பார்த்ததில் தலை மேலும் கீழும் பலமாக ஆடியது.

"முடிஞ்சுது!" என்று வியாபாரிகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

"என்ன முடிந்தது?" என்றார் காரியதரிசி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பேரம் முடிஞ்சுது, ஐயா. மூட்டைய வித்துட்டீங்க" என்றார் அந்தோணி.

"நானா? அது என் மூட்டையே இல்லையே!"

"சாவி உங்க இடுப்புல கீது. சாவி யாராண்டயோ அவரு கை செல்லும். அதான் வழக்கம்."

அஞ்சலை கிடங்குக் கதவின் முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். "எவன்டா அவன் என் வெதைய வித்தவன்? கதவத் தொட்டுப் பாரு!"

பாய்க்கும் சங்கடம்தான். ஆனால் துண்டுக்கடியில் முடிந்த பேரத்திலிருந்து பின்வாங்கினால் அவரோடு நாளைக்கு யாரும் கை நீட்ட மாட்டார்கள். "நான் இன்னாம்மா பண்றது? ஐயாதான் கை வுட்டாரு, ஐயாதான் தலையாட்னாரு. ஜல்தி கதவத் தொறங்க, மழை வலுக்குது" என்றார். வியாபாரிகள் நெருங்கி வந்தார்கள். அஞ்சலை நகரவில்லை. காரியதரிசி தன் வலது கையைத் தனக்குச் சொந்தமில்லாத பொருளைப் போல நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்று தெரியவில்லை. ஒருவேளை அங்கே சத்தம் போடாமல் நின்றது நான் மட்டும் என்பதால் இருக்கலாம்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இந்த மாதிரி நேரத்தில் யார் பக்கம் நியாயம் என்று தேட வேண்டாம். அதைத் தேடி முடிப்பதற்குள் கதவு திறந்துவிடும். முதலில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். நான் மனதுக்குள் பட்டியல் போட்டேன். மூட்டை கிடங்கில். சாவி இடுப்பில். கோப்புகள் கக்கத்தில். துண்டு பாய் கையில். அப்புறம் துண்டின் மேல்...

"பாய்" என்றேன், "துண்டுக்கு மேலே என்ன இருக்கு?"

பாய் குனிந்து பார்த்தார். அவர் நீட்டிய கை இன்னும் மடங்கவில்லை. அதன் மேல் குறுக்கே, மழைநீர் சொட்டச் சொட்ட, அந்தக் கருப்புக் குடை இருந்தது.

"குடை" என்றார் மெதுவாக.

"மல்லாட்டை ஒரு பிடி இருக்கா?"

"இல்ல."

"மேலே இருக்கிறதுக்குத்தானே கீழே விலை?"

வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கம் என்றால் வழக்கம். அது மூட்டைக்கு ஒன்று, குடைக்கு ஒன்று என்று இருக்க முடியாது. "ஆமா, பாயி குடையத்தான் வாங்கிக்கிறாரு" என்று ஒருவர் தீர்ப்பு மாதிரி சொன்னார்.

"குடையவா? ஒரு மூட்டை வெதை மல்லாட்டை வெலையிலயா?" பாயின் குரல் கூரையைத் தொட்டது. "இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? செக்குல போட்டு ஆட்டவா?"

"புழிஞ்சா எண்ணெ வருதான்னு பாருங்க பாயி!" என்று கிடங்குக் கதவிலிருந்து அஞ்சலை சொன்னாள். நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

காரியதரிசி சிரிக்கவில்லை. "அது என் மாமனார் கொடுத்த குடை! அதை விற்க முடியாது!"

"அப்படின்னா அது அருமை, ஐயா" என்றேன். "கொடுக்க மனசு வராதது. சுவரில் உங்க உத்தரவிலேயே இருக்கு."

"ஆமாம், அருமை! அருமைதான்! இந்தப் பேரத்தை எப்படி முறிப்பது?"

"அதுக்கும் வழக்கம் இருக்கு, ஐயா" என்றார் அந்தோணி. "ரெண்டு பேரும் எல்லாருக்கும் முன்னால, 'சரக்கு வரல'ன்னு சொல்லிடணும். சரக்கே வரலன்னா பேரமும் இல்ல."

பாய் அவசரமாக, "சரக்கு வரல" என்றார்.

காரியதரிசி தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்போதும் அச்சில் இருப்பது போலத்தான் சொன்னார். "சரக்கு வரவில்லை."

"எந்தச் சரக்குன்னு தெளிவா சொல்லிடுங்க, ஐயா" என்றேன். "குடை வரவில்லைன்னு சொன்னா, வராத குடையை நீங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போக முடியாது."

அவர் குடையைப் பார்த்தார். கிடங்கைப் பார்த்தார். மழையையும் பார்த்தார்.

"இக்கூடத்துக்கு மல்லாட்டை மூட்டை வரவில்லை" என்றார். சொல்லி முடித்ததும் பாய் கையிலிருந்த குடையைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"அந்தோணி, ஐயா சொன்னதைக் கேட்டீங்களா? மூட்டை வரவில்லை. உள்ளே வராத மூட்டை வெளியே போகக் கூடாதுன்னு யுத்த உத்தரவில் ஏதாவது இருக்கா?"

அந்தோணி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "இல்லம்மா. வந்ததுக்குத்தான் உத்தரவு."

நான் சாவிக்காகக் கையை நீட்டினேன். காரியதரிசி ஒரு கணம் என்னைப் பார்த்தார். தான் எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தோம் என்று திரும்பி நடந்து பார்ப்பது போல இருந்தது அவர் பார்வை. வழியில் எங்கேயும் ஒரு விதியும் உடைந்து கிடக்கவில்லை. சாவியைக் கொடுத்தார்.

அஞ்சலை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசல் வரை போனாள். அங்கே அன்று அவளை ஏற்றிவந்த ஊர் வண்டி நின்றிருந்தது. வண்டிக்காரரும் கூட வந்த ஊர்க்காரர் இரண்டு பேரும் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறுவாள் என்று நினைத்தேன். மூட்டையை வண்டி விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மூட்டை கெடச்சிது. வந்த வேலை ஆவலியே."

"எந்த வேலை?"

"பாத்து சொல்லுங்கன்னு கேட்டேனே. முதல் தரம்னு எழுதியாவது குடுங்க."

எழுதிக் கொடுக்க முடியாது. வராத மூட்டைக்கு நான் எப்படித் தரம் எழுதுவது? அதை அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்தினேன். அவள் வண்டிக்குப் போய் மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு காயைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். மூன்று பருப்புக் காய். ஓட்டின் மேலேயே மூன்று மேடும் தெரிந்தது.

"எழுத வேணாம். துன்னு பாருங்க. இத்தினி நாளா குத்துனீங்க, ஒடச்சீங்க, நிறுத்தீங்க. ஒருத்தராச்சும் வாயில போட்டுப் பாத்தீங்களா?"

வாசலுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன், கூடத்துக்கு உள்ளே. காயை உடைத்து ஒரு பருப்பை வாயில் போட்டேன். பச்சையாகத் தின்றாலும் பாலாக இனித்தது. காதர் பாய் பக்கத்தில் வந்து உரிமையாகக் கையை நீட்டினார். அவருக்கு ஒன்று கொடுத்தேன். மென்றார். ஊமையாக இருப்பேன் என்று சொன்னதை மறந்துவிட்டார்.

"மாஷா அல்லா! ஏம்மா, இது மல்லாட்டையா, மிட்டாயா?"

அஞ்சலை அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். "நான் பார்த்ததிலேயே இதுதான் நல்ல மல்லாட்டை."

"அவங்கள பாத்து சொல்லுங்க" என்று வண்டிப் பக்கம் காட்டினாள். "இன்னொரு தபா. சத்தமா."

திரும்பி நின்று சத்தமாகச் சொன்னேன். மழையில் கேட்க வேண்டும் என்பதால் கத்தியே சொன்னேன். என்னைப் போன்ற ஒருத்திக்குக் கத்துவது பழக்கமில்லை. குரல் கொஞ்சம் கீச்சிட்டது. வண்டிக்காரர் கோணியைத் தலையிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். அஞ்சலை வண்டியில் ஏறி, மூட்டையை மடியில் சாய்த்துக்கொண்டு, "ஓட்டுய்யா, ஈரம் போவப் போவுது" என்றாள்.

அறைக்குத் திரும்பியபோது என் உள்ளங்கையில் மூன்றாவது பருப்பு இருந்தது. சற்று நேரத்தில் காரியதரிசி வந்தார். கதவருகே நின்று, சுவரைப் பார்த்து, கூரையைப் பார்த்து, கடைசியில் கேட்டார்.

"அந்த மூட்டையின் மாதிரி ஏதேனும் மிச்சம் இருக்கிறதா?"

"எந்த மூட்டை, ஐயா? மூட்டையே வரவில்லையே."

"ஆம். வரவில்லை. அதனால்தான் கேட்கிறேன். வராத மூட்டையின் மாதிரியை வாயில் போடக் கூடாது என்று நம் விதிகளில் இல்லை."

உள்ளங்கையை நீட்டினேன். எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கதவுப் பக்கம் திரும்பி நின்று மென்றார். மெல்லும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. வாய்விட்டு மெச்ச அவர் விதி விடவில்லை. பிறகு குடையை எடுத்து, அறைக்குள்ளேயே விரித்து, அதன் கீழே நிமிர்ந்து நின்றார். கூரையின் அடியில்தான் நிற்கிறோம் என்பதை நான் நினைவூட்டவில்லை.

உங்கள் கூடத்துச் சுவரிலும் அந்தப் பட்டியல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்திருப்பார்கள். அடித்ததற்குக் கீழே எழுத்து தெரியும். கொஞ்சம் கிட்டே போய்ப் படியுங்கள்.